சுரங்கத் தூசியும் நம் சிறாரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இலக்கியமோ இசையோ பற்றிய சொற்பொழிவையே இத்தகைய மேடைகளில் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆயினும் தாய்மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு கூடிய சங்கம், அப்பிள்ளைகள் உள்ளிழுக்கும் காற்றைப் பற்றியும் ஒருநாள் எண்ணிப் பார்த்தல் முறையேயாகும். மருத்துவத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அப்பொருளையே இன்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரியைப் பழிப்பது என் நோக்கமன்று. இங்குள்ள குடும்பங்களிற் பெரும்பாலானவை நேராகவோ சுற்றாகவோ சுரங்கத்தால் வாழ்பவை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பது தமிழர் பண்பன்று. எனினும், உண்ட வீட்டின் கூரை ஒழுகுமானால் அதனைச் சொல்வதும் நன்றியின்பாற்பட்டதே அன்றோ?

நாம் வாழும் தன்பாத் மாவட்டத்தில் உள்ள ஜாரியா நிலக்கரி வயல் ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. எஃகு உருக்குவதற்கு வேண்டிய உயர்ந்த கோக் நிலக்கரிக்கு இந்திய நாடு இவ்வயலையே பெரிதும் நம்பி வந்துள்ளது. 1890-களில் இருப்புப்பாதை வந்தபின் இங்கே சுரங்கத் தொழில் விரைந்து பெருகியது. 1916-ஆம் ஆண்டில் நிலத்தடியில் நெருப்புப் பற்றியது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நூறு ஆண்டுகள் கடந்தும் அந்நெருப்பு முற்றும் அணைந்தபாடில்லை. 1971 முதல் 1973 வரையில் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. அதன்பின் ஆழ்சுரங்கங்களின் இடத்தைத் திறந்தவெளிச் சுரங்கங்கள் பெரிதும் பிடித்துக்கொண்டன. நெருப்பையும் நிலச் சரிவையும் எதிர்கொண்டு மக்களைப் புதிய இடங்களிற் குடியேற்றுவதற்கென 2009-ஆம் ஆண்டில் ஜாரியாவுக்கு ரூ. 7,112 கோடியில் ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ரூ. 5,940 கோடியில் திருத்திய திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை இசைவு அளித்தது. இவையெல்லாம் நாம் செய்தித்தாளிற் படிப்பவை. நெருப்பும் சரிவும் கண்ணுக்குத் தெரிவதால் அவை செய்தியாகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நாள்தோறும் நம் வீடுகளுக்குள் நுழைகிறது. அதுதான் தூசி.

இத்தூசி எங்கிருந்து எழுகிறது? வெடி வைக்கும்போது எழுகிறது; நிலக்கரியின் மேலுள்ள பாறையையும் மண்ணையும் அகற்றும்போது எழுகிறது; அவ்வாறு அகற்றிக் குவித்த மண்மேடுகளின்மீது காற்று வீசும்போது எழுகிறது. பாரமேற்றிய லாரிகள் செல்லும் மண்பாதையில் இவையனைத்தினும் மிகுதியாக எழுகிறது. இவற்றோடு, எரியும் நிலத்திலிருந்து வரும் புகையும் சேர்கிறது. அப்புகையில் கார்பன் மோனாக்ஸைடு, கந்தக டையாக்ஸைடு முதலிய வாயுக்கள் உள்ளன. சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஏழை மக்கள் பச்சை நிலக்கரியைத் திறந்த வெளியிற் குவித்து எரித்து, புகை போன கரியை அடுப்புக்கு வைத்துக்கொள்கின்றனர். சைக்கிளில் ஏற்றிச் சென்று விற்கவும் செய்கின்றனர். அப்புகையும் இக்காற்றிலேயே கலக்கிறது.

நம் கண்ணுக்குப் புலனாகும் பெருந்தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். பத்து மைக்ரானுக்குக் குறைந்த துகள்களே சுவாசக் குழாய்க்குள் இறங்குகின்றன. மனிதத் தலைமயிரின் தடிப்பு 50 முதல் 70 மைக்ரான் வரை இருக்கும் என்றால் இத்துகள்களின் நுண்மையை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றறைகள் வரை சென்று தங்குகின்றன. நிலக்கரித் தூசி அங்கே நெடுங்காலம் படிந்தால் நியூமோகோனியோசிஸ் என்னும் நோய் விளைகிறது. பாறைத் தூசியிலுள்ள சிலிக்கா படிந்தால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்குகிறது, அதுவே சிலிக்கோசிஸ். சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதிற் பற்றிக்கொள்ளும். இவ்விரு தூசி நோய்களுக்கும் குணப்படுத்தும் மருந்து இல்லை. வராமற் காப்பது ஒன்றே வழி.

இவை பல்லாண்டுகள் சுரங்கத்தினுள் உழைத்தவர்க்கு வரும் நோய்கள். குழந்தைகளுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சுரங்கத்துக்கு வெளியே வாழும் குழந்தைக்குச் சிலிக்கோசிஸ் வந்துவிடும் என்று நான் அச்சுறுத்த வரவில்லை. குழந்தைக்கு நேரும் கேடு வேறு வகையானது. தொழிலாளியின் நுரையீரல் வளர்ந்து முடிந்தது. குழந்தையின் நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. பிறந்தபின் முதல் சில ஆண்டுகளில் காற்றறைகள் பல மடங்காகப் பெருகுகின்றன. நுரையீரலின் கொள்ளளவு ஏறத்தாழ இருபது வயது வரை வளர்கிறது. அமைதியாக அமர்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுவார். ஐந்து வயதுக் குழந்தை இருபது முறைக்கு மேல் மூச்சு விடும். உடலின் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை உட்கொள்ளும் காற்று நம்மினும் மிகுதி. அது ஓடி ஆடுகிறது. வாயால் மூச்சு வாங்குகிறது. தரையோடு தரையாகத் தவழ்கிறது. மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. ஈயம் போன்ற நச்சு உலோகம் உணவோடு வயிற்றினுட் சென்றால், பெரியவரின் உடல் ஈர்த்துக்கொள்வதைப்போல் நான்கைந்து மடங்கு குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வளரும் நுரையீரலை மாசு எவ்வாறு தடுக்கிறது என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். அமெரிக்காவில் தென் கலிபோர்னியாவின் பன்னிரண்டு ஊர்களில் 1993-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. பத்து வயதுச் சிறுவர் சிறுமியரின் மூச்சுத்திறனை ஆண்டுதோறும் அளந்து, பதினெட்டு வயது வரை தொடர்ந்தனர். அதன் முடிவு 2004-இல் வெளிவந்தது. காற்றில் நுண்தூசி மிகக் குறைந்திருந்த ஊரில் மூச்சுத்திறன் தாழ்ந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். மிக மிகுந்திருந்த ஊரில் ஏறத்தாழ எண்மர். அவை சுரங்க ஊர்கள் அல்ல. வண்டிப் புகையால் மாசுபட்டவை. எனினும் நுரையீரலுக்கு இரண்டும் நுண்தூசியே. அதே ஆராய்ச்சியின் மற்றொரு முடிவு 2015-இல் வந்தது. காற்று தூய்மையடைந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் வளர்ச்சியும் கூடியிருந்தது. முதல் முடிவு நமக்குக் கவலை தருகிறது. இரண்டாவது நம்பிக்கை தருகிறது. நம் முயற்சி வீணாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சுரங்கத்தையே ஆராய்ந்த சான்றும் உண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில், திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களை அடுத்த ஐந்து ஊர்களையும், எல்லா வகையிலும் அவற்றை ஒத்துச் சுரங்கத்துக்குத் தொலைவில் இருந்த ஐந்து ஊர்களையும் ஒப்பிட்டனர். ஒன்று முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றிய அந்த ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆஸ்துமா இரு வகை ஊர்களிலும் ஒத்தே இருந்தது. ஆனால் சுரங்கத்தருகே வாழ்ந்த குழந்தைகள் மூச்சுத் தொல்லைகளுக்காகச் சற்றே மிகுதியாக மருத்துவரிடம் சென்றிருந்தனர். அங்கே இரு வகை ஊர்களின் தூசிக்கும் இருந்த வேறுபாடு எவ்வளவு? ஒரு கன மீட்டர் காற்றில் இரண்டு மைக்ரோகிராம் மட்டுமே. 15-க்கும் 17-க்கும் உள்ள வேறுபாடு. அச்சிறு வேறுபாட்டையும் அவர்கள் அளந்தார்கள், குழந்தைகளை ஒவ்வொருவராக எண்ணினார்கள், ஆகவே அறிந்தார்கள்.

இப்போது நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சுக்கு ஒரு கணக்கு உண்டு. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1955-ஆம் ஆண்டு விதிகளும், வேலையிற் சேரும்போது ஒரு முறையும் பின்னர் ஐந்தாண்டுக்கு ஒரு முறையும் மருத்துவப் பரிசோதனை வேண்டுமென வகுத்தன. தூசி நோய் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தன. 2020-இல் நிறைவேறிய புதிய தொழிற்சட்டத் தொகுப்பும் பரிசோதனைக் கடமையைக் கைவிடவில்லை. நடைமுறையிற் குறைகள் இருக்கலாம். ஆயினும் தொழிலாளிக்கென ஒரு பதிவேடு இருக்கிறது, ஓர் எக்ஸ்ரே படம் இருக்கிறது, கேள்வி கேட்க ஓர் ஆய்வாளர் இருக்கிறார். வேலிக்கு அப்பால் வாழும் குழந்தைக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அதன் பெயர் எந்தச் சுரங்கத்தின் பதிவேட்டிலும் இல்லை.

காற்றின் தரத்திற்கு விதி இருக்கிறதே எனலாம். இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுத் தேசிய அளவுகளின்படி, பத்து மைக்ரான் வரையுள்ள தூசி ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. ஆனால் நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் தனியே ஓர் அறிவிப்பு வந்தது. அதன்படி, தூசி எழும் இடத்திலிருந்து 500 மீட்டர் தொலைவில், புதிய சுரங்கங்களுக்கு ஆண்டுச் சராசரி 180 வரை இசைவு. ஜாரியா, ராணிகஞ்ச், பொக்காரோ ஆகிய பழைய வயல்களுக்கோ 250 வரை இசைவு. சுரங்கம் பழையது, ஆதலால் சலுகை மிகுதி என்பது இதன் கருத்து. சுரங்கத்தின் வயதைக் கணக்கிட்ட விதி, அதனருகே விளையாடும் குழந்தையின் வயதைக் கணக்கிடவில்லை. நான் வற்புறுத்த விரும்புவதும் இந்த ஒன்றையே.

சுரங்கம் மூடப்பட்டால் துன்பம் தீர்ந்துவிடும் என்று நினைப்போரும் உளர். அவர்கள் தமிழர் வரலாற்றோடு ஒன்றிய கோலார் தங்கவயலை எண்ணிப் பார்க்க வேண்டும். 1880-களில் ஆங்கிலக் கம்பெனியார் அங்கே தோண்டத் தொடங்கியபோது வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ் மக்களே பெருந்தொகையினராக நிலத்தடியில் இறங்கினர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமான அச்சுரங்கங்களிற் பாறை பிளந்த பலர் சிலிக்கோசிஸ் நோய்க்கு இரையாயினர். இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக ஆராயப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அச்சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, வேலை போயிற்று. ஆனால் பாறையை மாவாக அரைத்துச் சயனைடு கொண்டு பொன் பிரித்தபின் கொட்டிய கழிவு போகவில்லை. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அக்கழிவு, பதின்மூன்று மேடுகளாக ஊர் நடுவே நிற்கிறது. காற்றுக் காலத்தில் அம்மேடுகளின் நுண்மணல் மாரிக்குப்பம் முதலிய குடியிருப்புகளின்மீது வீசுகிறது. தாத்தா தோண்டிய பாறையின் தூசியைப் பேரன் சுவாசிக்கிறான்; அவனோ அச்சுரங்கத்தில் ஒரு நாட்கூலியும் பெற்றறியாதவன். சுரங்கத்தின் ஊதியம் அது திறந்திருக்கும் நாள்வரைக்குமே. அதன் தூசிக்கு அவ்வரம்பு இல்லை.

காற்றைப் போலவே நீரும் கெடுவதுண்டு. ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் இந்தியாவின் குரோமியத் தாதுவிற் பெரும்பகுதி இருக்கிறது. திறந்த குழிகளிலும் கழிவு மேடுகளிலும் படியும் மழைநீரில் நச்சு வடிவக் குரோமியம் கலந்து தம்சாலா ஓடையை அடைகிறது. அக்குரோமியம் புற்றுநோயை விளைக்க வல்லது. உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்று 2007-இல் வெளிவந்தபோது சுகிந்தா அதில் இடம் பெற்றது. நிலக்கரி, பொன், குரோமியம் எனத் தாது வேறுபடலாம். கணக்கில் வராமல் விடுபடுவோர் எல்லா இடத்தும் ஒருவரே.

அன்பர்களே! நம் காலனிக்குத் தார்ச்சாலை இருக்கிறது. வடிகட்டிய குழாய்நீர் இருக்கிறது. வேம்பும் அசோகமும் நிழல் தருகின்றன. மருத்துவமனை அருகில் இருக்கிறது. ஆகவே இது நம்மைச் சார்ந்த செய்தியன்று என்று சிலர் கருதலாம். காற்றுக்கு நம் மதிற்சுவர் தெரியாது. அன்றியும், நம் வீடுகளிற் பாத்திரம் தேய்க்கும் அம்மையாரின் குழந்தையும், காலையிற் பால் கொண்டுவருபவரின் குழந்தையும் வேலிக்கு அப்பால்தான் வாழ்கின்றனர். அவர்களுக்குத் தார்ச்சாலையும் இல்லை. மருத்துவமனைச் சீட்டும் இல்லை. வந்த நாட்டு மக்களோடு ஒன்றி வாழ்வதே நம் சங்கத்தின் குறிக்கோள் என்றால், அக்குழந்தைகளையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும்.

செய்யத்தக்கவை யாவை? வீட்டளவிற் சில உண்டு. சுரங்கத்திலிருந்து வருபவர் வேலையுடையை அங்கேயே மாற்றி, கைகால் கழுவி வீடு வருதல் நன்று. அவ்வுடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது. உலர்ந்த துடைப்பத்தாற் பெருக்குவதினும் ஈரத்துணியால் துடைப்பது மேல். வெடி வைக்கும் வேளையிற் சன்னல்களை மூடி, குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். சருகுகளை எரிக்காதீர்கள். வெல்லம் தின்றால் நெஞ்சிலுள்ள தூசி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை இப்பகுதியில் பரவலாக இருக்கிறது. வெல்லம் உணவுக் குழாயிற் செல்வது. தூசி மூச்சுக் குழாயிற் செல்வது. வெல்லத்தை விரும்பி உண்ணுங்கள். மருந்தென நம்பி மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். மூன்று வாரத்திற்கு மேல் இருமும் குழந்தையை மருத்துவரிடம் காட்டத் தயங்கவேண்டா.

ஆனால் வீட்டுக்குள் ஈரத்துணி பிடிப்பதால் மட்டும் தீரும் குறையன்று இது. தூசி பிறக்குமிடத்திலேயே அதனை அடக்க வேண்டும். பாதைகளுக்குத் தண்ணீர் தெளித்தல், லாரிகளைத் தார்ப்பாயால் மூடுதல், மண்மேடுகளின்மீது புல்லும் மரமும் வளர்த்தல் ஆகியவை புதுமைகள் அல்ல; சுரங்கங்களுக்கு இசைவு வழங்கும்போதே விதிக்கப்படும் நிபந்தனைகள். அவை நிறைவேறினவா என்பதைப் பற்றி ஆறு திங்களுக்கு ஒரு முறை அறிக்கை தரவேண்டும் என்பதும், அவ்வறிக்கையை யாரும் கேட்டுப் பெறலாம் என்பதும் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிப்பில் உள்ளவை. நம் சங்கத்திற் பொறியாளர்கள் பலர் இருக்கின்றனர். அவ்வறிக்கைகளைப் படித்து, நம்மனோர்க்கு விளங்குமாறு எடுத்துரைக்க அவர்களால் இயலும்.

பணத்திற்கும் வழி இருக்கிறது. 2015-இல் திருத்திய கனிமச் சட்டத்தின்படி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் மாவட்டக் கனிம நிதியம் ஏற்பட்டது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 12-க்கு முன் குத்தகை பெற்றவர்கள், அரசுக்குச் செலுத்தும் உரிமைத் தொகையில் 30 விழுக்காட்டுக்கு நிகரான தொகையை இந்நிதிக்குத் தருகின்றனர். அதன்பின் ஏலத்தில் எடுத்தவர்கள் 10 விழுக்காடு தருகின்றனர். குடிநீர், சுகாதாரம், கல்வி, மாசுத் தடுப்பு ஆகியவற்றுக்கே இந்நிதியின் பெரும்பகுதி செலவிடப்பட வேண்டும் என்பது விதி. குழந்தைகளின் மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டர் என்னும் கருவி பெரும் விலையுடையதன்று. அதனைச் சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு வழங்குமாறு இந்நிதியிலிருந்து கேட்பது பிச்சையன்று, உரிமை.

கேட்பதற்கு முன் கையிற் கணக்கு வேண்டும். ஆகவே ஒரு வேண்டுகோளோடு இவ்வுரையை முடிக்கிறேன். நம் சங்கம் ஒரு பதிவேடு தொடங்கட்டும். காலனிப் பள்ளியிலும், வேலிக்கு அப்பாலுள்ள சிற்றூர்ப் பள்ளிகளிலும், பெற்றோரின் இசைவு பெற்று, குழந்தைகளின் உயரம், எடை, மூச்சுத்திறன், இருமலாற் பள்ளிக்கு வராத நாட்கள் ஆகிய நான்கையும் ஆண்டுக்கு இருமுறை குறித்து வைப்போம். அங்கன்வாடிப் பணியாளரும், பள்ளிச் சிறாரைப் பரிசோதிக்க 2013 முதல் நடைபெற்று வரும் தேசியத் திட்டத்தின் மருத்துவக் குழுவினரும் இதற்குத் துணை நிற்க வேண்டுவோம். அளக்கும் பணியை நானும் மருத்துவ நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம். எழுதும் பணிக்கு நம் இளைஞர்களும் மகளிர் அணியினரும் முன்வர வேண்டும். பெயர்களை மறைத்து எண்களை மட்டும் வெளியிடுவோம். மூன்றாண்டுகளில் வேலியின் இரு புறத்துப் பிள்ளைகளின் நிலையும் தெரியவரும். அவர்கள் நலமாயிருப்பது தெரிந்தால் மகிழ்வோம். அவ்வாறில்லையெனில் மாவட்ட ஆட்சியர்முன் வைக்க நம்மிடம் வெறும் முறையீடு மட்டுமன்றி, அதற்குரிய சான்றும் இருக்கும்.

இவ்வாண்டுக் கணக்கில் மிஞ்சிய தொகையைக் கொண்டு என்ன செய்வது என்று செயற்குழு அடுத்த திங்களிற் கூடிப் பேசவிருக்கிறது. மேடைக்குப் புதிய திரைச்சீலை வாங்கவேண்டும் என்ற எண்ணமும் இருப்பதாக அறிகிறேன். திரைச்சீலை இன்னும் ஓராண்டு தாங்கும். முதல் ஸ்பைரோமீட்டரை அத்தொகையில் வாங்கித் தருமாறு செயற்குழுவைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.